ஆங்குலர்: ஜேசன் ஸ்கீமாவிலிருந்து வரையும் ஃபார்மில் செக்பாக்ஸ் எப்போதும் "ஃபால்ஸ்" என்ற ஸ்ட்ரிங்கையே தருகிறது

கேள்வி

வணக்கம். ஆங்குலர் 17 (வெப் ஆப் கட்டும் ஃப்ரேம்வொர்க்), அதன் ரியாக்டிவ் ஃபார்ம்ஸ் (ஒவ்வொரு ஃபீல்டின் மதிப்பையும் கோடில் கன்ட்ரோல் என்ற ஆப்ஜெக்டாக வைத்திருக்கும் முறை). கடன் விண்ணப்பப் படிவம் ஒன்று. எந்தெந்த ஃபீல்டு வர வேண்டும் என்பதை சர்வர் ஜேசனாக (எழுத்து வடிவத் தரவாக) அனுப்புகிறது, அதுதான் ஸ்கீமா. ஒவ்வொன்றிலும் கீ, லேபிள், டைப், வேலிடேட்டர்கள் (மதிப்பைச் சரிபார்க்கும் விதிகள்) இருக்கும். டெம்ப்ளேட்டில் ஒரு @ஃபார் (ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒருமுறை சுழல்வது), அதற்குள் ஒரே ஒரு இன்புட். அதன் டைப்பை ஃபீல்டிலிருந்து பைண்ட் செய்து (ஓடும்போது மதிப்பு வரும்படி இணைத்து), இன்புட்டைப் பெயரால் கன்ட்ரோலோடு இணைக்கும் ஃபார்ம்கன்ட்ரோல்நேமுக்குக் கீயைக் கொடுத்திருக்கிறேன். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

ஆனால் "திருமணமானவர்" செக்பாக்ஸை டிக் செய்தாலும் எடுத்தாலும் கன்ட்ரோலில் "ஃபால்ஸ்" என்று ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வருகிறது. வருமானமும் அப்படியே: 40000, 25000 இரண்டையும் கூட்டினால் 4000025000 கிடைக்கிறது. ஃபீல்டு டெம்ப்ளேட்டுகளைத் தனி என்ஜி-டெம்ப்ளேட்டாக (வேறிடத்தில் வரைவதற்காக எழுதி வைக்கும் துண்டாக) ஃபார்ம் டேக்குக்கு வெளியே எடுத்து வைத்துப் பார்த்தேன். ஃபார்ம்கன்ட்ரோல்நேமுக்கு மேலே ஃபார்ம்குரூப் (கன்ட்ரோல்களின் தொகுப்பு) இல்லை என்று என்ஜி01050 பிழை வருகிறது. திருமணமானவருக்கு மட்டும் காட்டும் துணைவர் பகுதியை மறைத்த பிறகும் ஃபார்ம் இன்வேலிடாகவே நிற்பது இன்னொரு சிக்கல்.

சர்வரே எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டை அனுப்பிவிட்டால் இதெல்லாம் தீருமா?

பதில் 1

கடைசிக் கேள்விக்கு முதலில்: தீராது, அந்த வழிக்கே போக வேண்டாம். ஆங்குலர் டெம்ப்ளேட்டுகள் பில்டின்போதே கம்பைல் ஆகிவிடுகின்றன. இன்னர்எச்டிஎம்எல் வழியாக வரும் சரத்தில் இருக்கும் டைரக்டிவ் (டேக்குக்குச் செயல் சேர்க்கும் ஆங்குலர் குறி) எதுவும் உயிர் பெறாது. போதாததற்கு, ஆபத்தானதை வடிகட்டும் சானிடைசர் இன்புட் டேக்குகளையே நீக்கிவிடும். பைபாஸ் செய்து உள்ளே விட்டால் கட்டங்கள் தெரியும், ஆனால் கன்ட்ரோலோடு தொடர்பு இருக்காது. கூடவே எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்துக்குள் பிறர் ஸ்கிரிப்டைப் புகுத்தும்) ஓட்டையும் திறந்துகொள்ளும். ஜேசன்தான் சரி.

செக்பாக்ஸுக்கு வருவோம். கன்ட்ரோலுக்கும் டாம் எலிமென்டுக்கும் (பக்கத்தில் தெரியும் டேக்குக்கும்) நடுவே மதிப்பைக் கடத்துவது வேல்யூ ஆக்சஸர். எந்த ஆக்சஸர் ஒட்ட வேண்டும் என்பது செலக்டரை (எந்த டேக்கில் ஒட்டலாம் என்ற விதியை) கொண்டு கம்பைல் நேரத்திலேயே முடிவாகிறது. செக்பாக்ஸ் ஆக்சஸரின் செலக்டர், டைப் என்ற இடத்தில் செக்பாக்ஸ் என்று நேரடியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். நீங்கள் டைப்பை பைண்ட் செய்திருப்பதால் அது பொருந்தாமல், சாதாரண டெக்ஸ்டுக்கான டிஃபால்ட் ஆக்சஸர் ஒட்டிக்கொள்கிறது.

அது தொடக்க மதிப்பான ஃபால்ஸை எலிமென்டின் வேல்யூ ப்ராப்பர்ட்டியில் எழுதுகிறது. செக்பாக்ஸில் வேல்யூ என்பது டிக் நிலை அல்ல, அதோடு ஒட்டிய ஒரு சரம். அதனால் ஒவ்வொரு கிளிக்கிலும் அதே "ஃபால்ஸ்" சரம்தான் திரும்பி வரும். தொடக்க மதிப்பு ட்ரூ என்றால் பெட்டி டிக் இல்லாமல் தெரியும், சரம் எப்போதும் "ட்ரூ". காலியாக இல்லாத சரம் எதுவும் ஜாவாஸ்கிரிப்டில் உண்மையாகவே கணக்காகும். ஆகவே ஒருமுறை கிளிக் செய்துவிட்டால் துணைவர் பகுதி அதன்பின் மறையவே மறையாது.

நம்பருக்கும் இதே காரணம்தான். அங்கே வேலிடேஷனை நம்பிப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. மின், மேக்ஸ் வேலிடேட்டர்கள் சரத்தையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகின்றன, அதனால் பச்சைக் கொடி காட்டிவிடும். கூட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தீர்வு: @ஸ்விட்ச் போட்டு ஒவ்வொரு டைப்புக்கும் ஒரு @கேஸ். ஒவ்வொன்றிலும் டைப்பை நேரடியாக எழுதிய தனி இன்புட். டெக்ஸ்ட், ஈமெயில், டெல் மூன்றும் சரமே தருவதால் அவற்றை மட்டும் ஒரே இன்புட்டில் பைண்ட் செய்து வைத்துக்கொள்ளலாம். செலக்டில் ஆப்ஷனுக்கு வேல்யூ பைண்டிங் கொடுத்தால் சரம்தான் வரும். எண்ணோ ஆப்ஜெக்டோ வேண்டும் என்றால் என்ஜிவேல்யூ.

பதில் 2

என்ஜி01050 பற்றி. என்ஜி-டெம்ப்ளேட் எங்கே வரையப்படுகிறது என்பதை வைத்து அதன் இன்ஜெக்டர் (தேவையானதை மேலிருந்து தேடித் தருவது) அமைவதில்லை, எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் அமைகிறது. பலரும் இடறும் இடம் இதுதான். ஃபார்ம்கன்ட்ரோல்நேம் தன் மேலிருக்கும் கன்ட்ரோல்கன்டெய்னரை (ஃபார்ம்குரூப் போன்ற உறையை) தேடும். டெம்ப்ளேட் ஃபார்ம் டேக்குக்கு வெளியே எழுதப்பட்டிருந்தால், அதை வரையும் இடமான அவுட்லெட் ஃபார்முக்குள்ளேயே இருந்தாலும் அது கிடைக்காது.

டைனமிக் ஃபார்மில் ஃபார்ம்கன்ட்ரோல்நேமை விட்டுவிடுவதே நல்லது. அவுட்லெட்டின் கான்டெக்ஸ்டில் (டெம்ப்ளேட்டுக்கு அனுப்பும் தரவில்) ஃபீல்டோடு கன்ட்ரோல் ஆப்ஜெக்டையும் அனுப்பி, உள்ளே ஃபார்ம்கன்ட்ரோல் டைரக்டிவ்வுக்கு அதை பைண்ட் செய்யுங்கள். அதற்கு மேலே கன்டெய்னர் எதுவும் தேவையில்லை. டெம்ப்ளேட் எந்த மூலையில் இருந்தாலும் வேலை செய்யும். பின்னால் அதே கீயில் வேறு கன்ட்ரோலை மாற்றி வைத்தாலும் பைண்டிங் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கன்ட்ரோல்களைப் பிள்ளை காம்போனென்டின் என்ஜிஆன்இனிட்டில் (காம்போனென்ட் தொடங்கும்போது ஓடும் ஃபங்ஷனில்) ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டாம். பெற்றோர் டெம்ப்ளேட் ஃபார்மின் வேலிடிட்டியை ஏற்கெனவே படித்திருக்கும். பாதியில் அது மாறினால் டெவ் மோடில் என்ஜி0100 (சரிபார்த்த பிறகு மதிப்பு மாறிவிட்டது என்ற பிழை) வரும். ஸ்கீமா வந்ததும் முழு ஃபார்ம்குரூப்பையும் கட்டி முடித்துவிட்டு அப்புறம் வரையுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. @கேஸ் பிரித்ததும் ட்ரூ, ஃபால்ஸ் சரியாக வருகிறது, வருமானமும் எண்ணாகவே வருகிறது. துணைவர் பகுதிக்காக முழு ஃபார்மின் வேல்யூசேஞ்சஸை (மதிப்பு மாறும்போதெல்லாம் வரும் அறிவிப்பை) சப்ஸ்கிரைப் செய்து, அதற்குள் டிசேபிள் அழைத்தேன். ஒன்றையொன்று முடிவில்லாமல் அழைத்து, கால் ஸ்டாக் நிரம்பி விழுகிறது. ஸ்கீமாவை மறுபடி எடுக்கும்போது ஃபோகஸும் போய்விடுகிறது.

பதில் 3

டிசேபிள் செய்யும் எண்ணம் சரி. மறைத்தால் மட்டும் போதாது: எலிமென்ட் போனாலும் கன்ட்ரோல் குரூப்பில் இருக்கிறது, ரிக்வயர்டு வேலிடேட்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிசேபிள் ஆன கன்ட்ரோலைத்தான் வேலிடேஷன் ஒதுக்கும்.

டிசேபிள் என்பதும் பெற்றோர் ஃபார்மின் வேல்யூசேஞ்சஸை எழுப்பும், ஏற்கெனவே டிசேபிளாக இருந்தாலும்கூட. உங்கள் சுழலுக்கு அதுவே காரணம். எமிட்இவென்ட்டை ஃபால்ஸாக்கினால் சுழல் நிற்கும், ஆனால் ஸ்டேட்டஸ்சேஞ்சஸும் (வேலிட், இன்வேலிட் நிலையின் அறிவிப்பும்) ஊமையாகிவிடும். சமர்ப்பிக்கும் பட்டன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் புதுப்பிக்கப்படாது. அதைவிட "திருமணமானவர்" கன்ட்ரோலின் வேல்யூசேஞ்சஸை மட்டும் கேளுங்கள். முதல் மதிப்பு தானாக வராது, அதைத் தொடக்கத்திலேயே கொடுக்க ஸ்டார்ட்வித் சேர்க்க வேண்டும். அந்தக் கால்பேக்கில் ஃபார்ம் வேல்யூவைப் படித்தால் பழையதுதான் இருக்கும், வந்த மதிப்பையே பயன்படுத்துங்கள்.

அனுப்பும்போது ஃபார்ம் வேல்யூவை அனுப்பினால் டிசேபிள் ஆனவை சேராது. கெட்ராவேல்யூ எல்லாவற்றையும் தரும், தட்டச்சு செய்து பிறகு மறைத்த துணைவர் வருமானம் உட்பட. கடன் விண்ணப்பத்தில் அது கணக்கையே மாற்றிவிடும்.

ஃபோகஸ் போவது @ஃபாரின் டிராக்கால் (ஒவ்வொரு உருப்படியையும் அடையாளம் காண்பதால்). ஃபீல்டு ஆப்ஜெக்டையே டிராக் செய்தால், புது ஜேசனில் எல்லாமே புது ஆப்ஜெக்ட் என்பதால் அத்தனை இன்புட்டும் அழிந்து மறுபடி உருவாகும். ஃபீல்டின் கீயை டிராக் செய்யுங்கள். குரூப்பையும் புதிதாகக் கட்டினால் தட்டச்சு செய்தது போய்விடும். பழைய கீகளோடு ஒப்பிட்டு, புதியதற்கு ஆட்கன்ட்ரோல், போனதற்கு ரிமூவ்கன்ட்ரோல் என்று செய்யுங்கள்.

பதில் 1-ஐ எழுதியவர்

பேட்டர்ன் வேலிடேட்டரையும் ஜேசனில் அனுப்புவதாக இருந்தால்: சரமாகக் கொடுத்தால் ஆங்குலரே முன்னும் பின்னும் தொடக்க, முடிவுக் குறிகளைச் சேர்த்துக்கொள்ளும். ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் விதி) ஆப்ஜெக்டாக மாற்றிக் கொடுத்தால் சேர்க்காது. அப்போது ஆறு இலக்க பின்கோடு பேட்டர்ன் எட்டு இலக்கத்தையும் ஏற்றுக்கொள்ளும். ஜேசனில் பின்சாய்வுக் கோட்டை இரட்டிப்பாக எழுத வேண்டும் என்பதால், இலக்கத்துக்கு 0-9 என்று சதுர அடைப்பில் எழுதுவது பாதுகாப்பு.

ஸ்கீமா கீகளில் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபார்மின் கெட் ஃபங்ஷன் அதைப் பாதையாக நினைத்து உடைத்துவிட்டு நல் (வெற்று மதிப்பு) என்று திருப்பித் தரும். கீயை ஒரு அர்ரேக்குள் வைத்துக் கொடுத்தால் உடைக்காது.