பூப்பாறைத் தோட்டத்து வீட்டுக்கு பவர் ஸ்டேஷனா, இன்வெர்ட்டரா?

போடி_ஏலத்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு போடிநாயக்கனூரில் இருக்கிறது. ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள், பூப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனி, ஆடி இரண்டு மாதமும் நானும் என் மாமனாரும் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிடுவோம். பருவமழை வலுத்தால் ஏதாவது ஒரு மரம் கம்பியின் மேல் சாய்ந்துவிடும். காலையில் போன கரண்ட் சில நாள் மாலையே வந்துவிடும், சில நேரம் மூன்று நாள் ஆகும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். 780 மெகாவாட் இடுக்கி மின்நிலையம் இதே மாவட்டத்தில், மூலமட்டத்தில்தான் இருக்கிறது என்பதை மெழுகுவத்தியின் முன் உட்கார்ந்து நினைத்தால் சிரிப்புத்தான் வரும்.

எனக்கு வேண்டியவை இவை: நான்கு எல்இடி பல்பு, இணைய ரூட்டர், கைபேசிகள், காலையில் ஐந்து நிமிடம் மிக்சி, மாமனாருக்கு வீசிங் இருப்பதால் நெபுலைசர், முடிந்தால் 190 லிட்டர் ஃப்ரிட்ஜ். மலை வீட்டில் ஃபேன் கிடையாது. இதோடு, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொழுக்குமலையில் கூடாரம் போட்டுத் தங்குவதும் உண்டு. கேம்பிங்குக்கும் வீட்டுக்கும் ஒரே பவர் ஸ்டேஷன் (தூக்கிச் செல்லும் லித்தியம் பேட்டரிப் பெட்டி) போதுமா, அல்லது மூன்றில் ஒரு பங்கு விலையில் இன்வெர்ட்டரும் ட்யூபுலர் வகை அமில பேட்டரியும் வாங்கி வைத்துவிடலாமா? துபாயில் இருக்கும் மச்சான், தான் ஊருக்கு வரும்போது பெட்டியிலேயே பவர் ஸ்டேஷன் ஒன்று கொண்டுவந்துவிடுவதாகச் சொல்கிறார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காற்று ஊதும் ப்ளோயரையும் அதில் ஓட்ட முடியுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பம்_பழைய_கடை:

முதலில் மச்சானிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லித்தியம் பேட்டரி 100 வாட் அவர் (உள்ளே தேங்கும் மின்சாரத்தின் அளவு) வரை கைப்பையில் போகும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும் போகும். 160-ஐத் தாண்டினால் பயணி எடுத்துவரவே முடியாது. நீங்கள் பார்க்கும் வகையில் மிகச் சிறியதே 256 வாட் அவர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்துத் தருகிறேன் என்று வேறு யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே விற்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பெட்டி, நம் மிக்சிக்கு 230 வோல்ட் வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அட்டையின் மேல் 1800 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது, ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தூக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தூரம் சுமக்கும் என்பதைச் சொல்வது, ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கும் வாட் அவர். ஆயிரம் வாட் அவர் என்றால் கரண்ட் பில்லில் வருகிற அதே ஒரு யூனிட். அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு யூனிட் மின்சாரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நான்கு 9 வாட் பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் 180, 10 வாட் ரூட்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 120, கைபேசிகளுக்கு 60, 150 வாட் கம்ப்ரஸர் நெபுலைசர் பத்து நிமிடம் வீதம் மூன்று வேளைக்கு 75, மிக்சிக்கு 40. மொத்தம் 475. நெபுலைசர்தான் பெரிய செலவு என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ரூட்டர் அதைவிட அதிகம் தின்கிறது.

டெல்டா 2 என்ற ஈகோஃப்ளோ பெட்டி 1024 வாட் அவர், ப்ளூயெட்டி ஏசி180 என்பது 1152, ஆங்கர் சோலிக்ஸ் சி1000 என்பது 1056. முறையே 12, 16, 12.9 கிலோ எடை. மூன்றும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் கொண்டவை. பேட்டரியின் நேர்மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும்போது ஏறத்தாழ 15 விழுக்காடு வெப்பமாகப் போய்விடும் என்பதால், 1024-இல் கைக்குக் கிடைப்பது 870. ஃப்ரிட்ஜ் இல்லாமல் உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும். ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும், அதை 365-ஆல் வகுங்கள். நாளுக்கு அரை யூனிட் வந்தால்கூட இரண்டு நாள் ஒரு நாளாகச் சுருங்கிவிடும்.

பழைய மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் செல் எந்த வகை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் டெல்டா என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகை, 800 முறை சார்ஜ் ஏறி இறங்கினால் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு வந்துவிடும் என்று கம்பெனியே சொன்னது. டெல்டா 2-க்கு அதே கணக்கில் 3000 முறை.

ப்ளோயரை மறந்துவிடுங்கள். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும். அது கிளம்பிவிட்டாலும், காய் உலர ஒரு இரவும் பகலும் விடாமல் ஓட வேண்டும். அதற்கு ஜெனரேட்டர்தான்.

செங்கோட்டை_இன்வெர்ட்டர்:

கம்பத்து அண்ணாச்சி சொன்ன கணக்கில் எனக்குத் தகராறு இல்லை, முடிவில்தான் தகராறு. வீட்டை விட்டு நகராத ஒரு தேவைக்கு நகரும் பெட்டியை வாங்குவானேன்? 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் பேட்டரி என்றால் பெயருக்கு 1800 வாட் அவர். முழுக்க இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் பாதி மட்டும் எடுப்போம். 900 என்று வைத்து, இன்வெர்ட்டர் இழப்பையும் கழித்தால் 750 தேறும். உங்கள் 870-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அரை நாளைக்குக்கூடக் காணாது. கரண்ட் போனதும் தானே மாறும், வீட்டு ஸ்விட்சிலேயே பல்பு எரியும், கெட்டுப்போனால் தென்காசியிலோ புனலூரிலோ யாராவது திறந்து பார்ப்பார்கள். லித்தியம் பெட்டி கெட்டால் கூரியரில் அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வருவதால் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புளியரை மலையடியில் பத்தாண்டாக எங்கள் வீடு இதில்தான் ஓடுகிறது.

சூரியநெல்லி_ஜீப்:

கொழுக்குமலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் வாரம் இரண்டு முறை ஏறி இறங்குகிறேன். இடம் தேனி மாவட்டம், ஆனால் ஜீப் ஏறுவது எங்கள் சூரியநெல்லியிலிருந்து என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பாறைப் பாதையில் 16 கிலோ பெட்டியைச் சும்மா பின்னால் போட்டால் அது துள்ளித் துள்ளி மற்றச் சாமான்களை எல்லாம் மாவாக்கிவிடும். பழைய மெத்தைத் துண்டின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள்.

கூடாரத்துக்கு ஓர் இரவுக்கு எனக்கு ஆகும் செலவு 150 வாட் அவர்: மூன்று விளக்கு, ஆறு கைபேசி, ஒரு கேமரா. அதற்கு 256 வாட் அவர் உள்ள மூன்றரைக் கிலோப் பெட்டி போதும், பையன் ஒருவனே தூக்கிக்கொண்டு நடப்பான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்ததிலிருந்து காய்ந்த புல் இருக்கும் இடத்தில் நெருப்பு மூட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. அதனால் வருகிறவர்கள் எலக்ட்ரிக் கெட்டில் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 110 வாட் அவர் போய்விடும். பெட்டியில் பாதி, நான்கு பேருக்குக் கட்டன் காப்பி. அதனால் நான் சூரியநெல்லியிலேயே காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போகிறேன்.

மார்கழி, தை மாதம் போனால் இன்னொன்றும் கவனியுங்கள். விடியற்காலையில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொட்டால் லித்தியம் பேட்டரி கரண்ட் கொடுக்கும், ஆனால் வாங்காது. அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றினால் செல் பழுதாகும் என்பதால் பெட்டியே தடுத்துவிடும். பெட்டி கெட்டுவிட்டது என்று பதறாமல் வெயில் வரும்வரை பொறுத்திருங்கள்.

நான் முதலில் வாங்கிய பெட்டி எட்டு மாதத்தில் செத்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. சீசன் முடிந்ததும் முழு சார்ஜோடு தகரக் கூரைக்கு அடியில் பங்குனி வெயிலில் போட்டுவிட்டேன். திறந்து பார்த்தபோது பக்கவாட்டு மூடி இரண்டு விரல்கடை வெளியே வந்திருந்தது. பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

போடி_ஏலத்தோட்டம்:

மூவருக்கும் நன்றி. செங்கோட்டை நண்பர் சொன்னதைப் படித்தபின் இன்வெர்ட்டர் பக்கம் பாதி சாய்ந்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம்: மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் இரண்டாம் நாள் இரவு எதுவாக இருந்தாலும் தீர்ந்துவிடுமே, பிறகு எதில் நிரப்புவது? போடி வீட்டு மாடியில் 540 வாட் சோலார் பேனல் இரண்டு சும்மா கிடக்கின்றன. அவற்றை மேலே கொண்டுபோய் மாட்டலாமா?

கம்பம்_பழைய_கடை:

இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நானும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பேனலை மேலே கொண்டுபோகாதீர்கள். ஆடி மாதத்துப் பூப்பாறை மூடுபனியில் 540 வாட் பேனல் நூறு வாட் கொடுத்தாலே பெரிது. அதே நாளில் கீழே போடி மழை மறைவில் இருக்கும், காற்று அடிக்கும், வெயில் அடிக்கும். அது தமிழ்நாட்டு மின்சாரம், அது தனிக் கம்பி. மேலே மரம் விழுந்தால் கீழே விளக்கு அணையாது. இரண்டு மின்வாரியத்துக்கு நடுவில் வாழ்கிற உங்களுக்கு இது ஒரு வசதி, அதைப் பயன்படுத்த வேண்டுமானால் பேட்டரி நகர வேண்டும். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள அமில பேட்டரியைக் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்த்து எடுத்துப்போக முடியாது. எடுத்துப்போனாலும் அது நிரம்பப் பத்து மணி நேரம் ஆகும். 12 கிலோப் பெட்டி, நீங்கள் போடியில் காய் விற்றுக் காய்கறி வாங்கும் ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அந்த வேகத்தில் அது 1200 வாட் இழுக்கும் என்பதால் பழைய 6 ஆம்பியர் பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியர் பிளக்கில் செருகுங்கள். ஜீப்பின் சிகரெட் லைட்டர் பிளக்கில் மணிக்கு நூறு வாட் அவர்தான் ஏறும். ஏறும் வழியில் செருகி வைத்தால் ஓர் இரவு விளக்குக்கு ஆகும்.

போடி மாடியிலேயே பேனலில் மாட்டுவதென்றால் வோல்ட்டைப் பாருங்கள். 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த சுற்று வோல்ட் (எதுவும் மாட்டாதபோது வரும் வோல்ட்) ஏறத்தாழ 50. டெல்டா 2 தாங்குவது 60 வரை, ஆகவே ஒரு பேனல் சரி. இரண்டையும் தொடராக இணைத்தால் நூறைத் தொட்டு உள்ளே கருகிவிடும். ஜீப் நண்பர் சொன்ன அளவிலுள்ள ரிவர் 2 போன்ற சிறு பெட்டி 30 வோல்ட்தான் தாங்கும், அதற்கு உங்கள் பேனலில் ஒன்றுகூடப் பொருந்தாது.

இன்னும் ஒன்று, இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பெட்டியின் ஏசி பொத்தானை அழுத்தி வைத்திருந்தால், எதுவுமே மாட்டாவிட்டாலும் அது தனக்கென்று மணிக்குப் பத்துப் பதினைந்து வாட் அவர் தின்றுகொண்டிருக்கும். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் கால் பங்கு பேட்டரி. பெரும்பாலான ரூட்டர் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது, அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். அதைப் பெட்டியின் 12 வோல்ட் முனையில் நேரடியாக மாட்டி, இரவில் யுஎஸ்பி விளக்கை எரியவிட்டு, ஏசி பொத்தானை மிக்சிக்கும் நெபுலைசருக்கும் மட்டும் போடுங்கள்.

செங்கோட்டை_இன்வெர்ட்டர்:

கீழே இறங்கி நிரப்பிக்கொண்டு வரலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்கு அடிவாரத்திலேயே வீடு, மலைக்கு மேலே ஒன்றும் இல்லை. இவருக்குப் பெட்டிதான் சரி.

களியக்காவிளை_வயரிங்:

உரிமம் பெற்ற வயரிங் வேலைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி வாங்கியபின் யாராவது, இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயர் ஒன்று செய்து சுவர் பிளக்கில் செருகினால் வீடு முழுவதும் எரியும் என்று சொல்வார்கள். எரியும். அதே கரண்ட் மீட்டர் வழியாகத் திரும்பி வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் உயர்ந்து, மழையில் உங்கள் கம்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும் லைன்மேனைக் கொல்லும். வீட்டு வயரிங்கில் சேர்க்க வேண்டுமானால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (வெளிக் கம்பியைத் துண்டித்துவிட்டுப் பெட்டிக்கு மாற்றுவது) போட்டுத்தான் சேர்க்க வேண்டும். இந்தப் பெட்டிகளில் நியூட்ரல் பொதுவாக எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது, அதனால் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) எதிர்பார்த்தபடி விழாமல் போகலாம். இதையும் தெரிந்த ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பல்புக்கு இவ்வளவு வேண்டாம் என்றால், பெட்டியிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து நான்கு தொங்கு விளக்கு மாட்டுவது போதும்.

போடி_ஏலத்தோட்டம்:

தொங்கு விளக்கே போதும். 1024 வாட் அவர் பெட்டி ஒன்று போடியில் சொல்லி வைத்துவிட்டேன். கொழுக்குமலைக்குச் சிறியதை ஜீப் நண்பரிடமே வாடகைக்கு வாங்கிக்கொள்வேன், தருவார் என்று நம்புகிறேன். ஃப்ரிட்ஜை லேபிள் பார்த்து வகுத்தேன், நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வருகிறது. மழை மாதத்தில் அதற்குள் இருப்பது தோசை மாவும் பாலும்தான். கரண்ட் போனால் மாவைத் தோசையாக்கிவிடலாம் என்று மாமனார் சொல்கிறார். ரூட்டர் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன், 12 வோல்ட், 1 ஆம்பியர். அதற்கான வயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, நாளை தேனியில் பார்க்கிறேன்.