மறு: தகடு வேலையில் ‘லேஅவுட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

தகட்டை வெட்டுவதற்கும் மடிப்பதற்கும் முன் அதன்மேல் அளவெடுத்துக் கோடும் புள்ளியும் போடும் வேலைதான் ‘லேஅவுட்’. அதற்குத் தமிழ்ச் சொல்லாக இந்த இழையில் இதுவரை வந்தவை தளவமைப்பு, கீறல், குறியிடல். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

தளவமைப்பு அச்சுப் பக்கத்துக்கும் இணையப் பக்கத்துக்கும் போய்விட்டது. கீறல் என்பது பட்டறையில் ஒரு குறை. ‘தகட்டில் கீறல் உள்ளது’ என்று எழுதினால் ஆய்வாளர் அதை ஒதுக்கி வைத்துவிடுவார். குறியிடல் பரவாயில்லை, ஆனால் பாகத்தின் எண்ணைப் பெயின்டில் எழுதுவதும் குறியிடல்தான்.

வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். 6 மி.மீ. தகட்டைச் சுருட்டி, 500 மி.மீ. உள்விட்டம் உள்ள உருளை செய்ய வேண்டும். தகட்டின் நீளத்துக்கு உள்விட்டமும் உதவாது, வெளிவிட்டமும் உதவாது. கனத்தின் நடுவே ஓடும் வட்டத்தை எடுக்க வேண்டும். அதன் விட்டம் 506, சுற்றளவு ஏறக்குறைய 1590 மி.மீ. வெளிவிட்டத்தில் கணக்குப் போட்டால் தகடு 19 மி.மீ. கூடிப்போகும். இது முடிந்த பிறகே சாக்பீஸ் தகட்டைத் தொடும். ஒரு விளிம்பை நேராக்கி, எல்லா அளவையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு அளந்துகொண்டே போனால் பிழை சேர்ந்துவிடும். அப்புறம் வெட்டுக்கோட்டின் மேல் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியை வைத்துச் சுத்தியலால் தட்டி, வரிசையாகப் புள்ளி அடிப்பார்கள். வாயுச் சுடரால் வெட்டும் கேஸ் கட்டிங் சூட்டில் சாக்பீஸ் கோடு போனாலும் புள்ளி நிற்கும். வெட்டிய விளிம்பில் பாதிப் புள்ளி தெரிந்தால் வெட்டு கோட்டின் மேலேயே போயிருக்கிறது. மடிக்கும் கோட்டில் மட்டும், கோடு கீறும் கூர்முனைக் கருவியான ஸ்கிரைபரை ஆழமாக இழுக்கக் கூடாது, மடிக்கும்போது அங்கேதான் விரிசல் விடும்.

பாருங்கள், இந்த வேலையில் பாதி அளவு, பாதி குறி. அதனால் ‘அளவுகுறித்தல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தச்சுப் பட்டறையில் ‘அளவு குறிச்சு வெட்டு’ என்பது சாதாரணப் பேச்சு. வெல்டர் காதுக்கும் அந்நியமாக இருக்காது. வினையாகவும் வளைந்து கொடுக்கிறது: அளவு குறித்த தகடு, அளவு குறிப்பவர், அளவு குறிக்கும் மேசை.

தையற்காரர் நோட்டில் எழுதுவதும் அளவு குறிப்பதுதானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் ஃபிட்டர் பாடநூலில் அந்தக் குழப்பம் வராது.

உள்வேலைகளுக்குக் கோடு கீறுதல், புள்ளியடித்தல் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரைபர், பஞ்ச் ஆகிய கருவிப் பெயர்களை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

மாற்றுச் சொல் தருபவர்கள், பட்டறையில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லக்கூடிய வாக்கியத்தில் அதை வைத்து எழுதுங்கள்.