டெல்லியில் பொருளாதார லேப் சோதனைக்குக் கூப்பிடுகிறார்கள், பணம் உண்டாம். போகலாமா?

முனிர்கா_வாசி:
டெல்லிப் பல்கலைக்கழக நார்த் கேம்பஸ் பக்கம் ஒரு சோதனைக் கூடத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. "முடிவெடுத்தல் ஆய்வு, 90 நிமிடம், வருகைத் தொகை 150 ரூபாய், அதற்கு மேல் உங்கள் முடிவுகளைப் பொறுத்து" என்று போட்டிருக்கிறார்கள். ஊசி கீசி போடும் ஆராய்ச்சி இல்லை என்று புரிகிறது. உள்ளே என்னதான் செய்யச் சொல்வார்கள்? "முடிவுகளைப் பொறுத்து" என்பது நிஜமா, ஆள் பிடிக்கிற வார்த்தையா? எனக்கு இந்தி அரைகுறை. அதனால் மாட்டிக்கொள்வேனா?

கட்டம்_போட்ட_சட்டை:
நிஜம்தான். முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அடையாள அட்டையோடு நில்லுங்கள். சீட்டு எடுக்கச் சொல்வார்கள், அதிலுள்ள எண்தான் உங்கள் கணினி. தடுப்பு வைத்த மேசை, பக்கத்து ஆள் திரை தெரியாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து, போன் அணைப்பு, பிறகு விதிமுறைகளை எல்லோருக்கும் சேர்த்து உரக்கப் படிப்பார்கள். தாமதமாக வருபவரைச் சேர்க்காததற்கு இதுதான் காரணம். ஒருவருக்காகத் திரும்பப் படிக்க முடியாது.

அடுத்து நாலைந்து சரிபார்ப்புக் கேள்விகள். "பொது நிதியில் நீங்கள் 10 போட்டு மற்ற மூவரும் தலா 5 போட்டால் உங்களுக்கு எவ்வளவு?" என்கிற மாதிரி. எல்லோரும் சரியாகப் போடும்வரை ஆட்டம் நகராது. சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள், ஆள் உங்கள் இடத்துக்கு வருவார். வாய்விட்டுக் கேட்கக் கூடாது. "எல்லாத்தையும் நானே வெச்சுக்கிட்டா?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டால் போதும், மற்றவர்கள் மனசும் அந்தப் பக்கம் சாய்ந்து அந்த அமர்வே வீணாகிவிடும்.

இன்னொன்று, 20 இடத்துக்கு 23 பேரைக்கூடக் கூப்பிடுவார்கள். நால்வர் குழு என்றால் ஆள் எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 19 பேர் வந்தால் 16 பேர் ஆடுவார்கள், மூன்று பேர் வருகைத் தொகையோடு வீட்டுக்கு. அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பதுதான் தப்பு. பல கூடங்களில் அது குறிப்பில் ஏறும், பிறகு அழைப்பு வராது.

பைசா_கணக்கு:
பணம் எப்படி வருகிறது என்பதை நான் சொல்கிறேன்.

திரையில் ரூபாய் இருக்காது, புள்ளிகள் இருக்கும். மாற்று விகிதம் விதிமுறைத் தாளில் எழுதியிருக்கும், அதை முதலில் பாருங்கள். அடிக்கடி வரும் ஆட்டம் பொதுநிதி ஆட்டம். நால்வருக்கும் தலா 20 புள்ளி. பொதுவில் போடாமல் வைத்துக்கொள்வது அவரவருக்கே. பொதுவில் போடும் ஒவ்வொரு புள்ளிக்கும் நால்வருக்குமே 0.4 புள்ளி கிடைக்கும். எல்லோரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு 32. மூன்று பேர் போட்டு ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் அவருக்கு 44, போட்ட மூவருக்கும் 24. எல்லோருமே கையைக் கட்டினால் பழைய 20தான். இதில் "சரியான விடை" கிடையாது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கத்தான் காசே கொடுக்கிறார்கள்.

பல சோதனைகளில் 10, 20 சுற்று ஆடியபின் ஒரே ஒரு சுற்றைக் குலுக்கி எடுத்து அதற்கு மட்டும் பணம் தருவார்கள். முன் சுற்றில் சேர்த்த காசு அடுத்த முடிவைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. "ஏற்கெனவே சேர்த்தாச்சு, கடைசிச் சுற்றில் சும்மா அடிச்சுப் பார்ப்போம்" என்று ஆடுபவருக்கு அந்தச் சுற்றே குலுக்கலில் வரலாம். ஒவ்வொரு சுற்றையும் இதற்குத்தான் காசு என்று நினைத்து ஆடுங்கள்.

லாட்டரிப் பட்டியலும் வரும். ஹோல்ட், லோரி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட பத்து வரிப் பட்டியல் இது. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்க லாட்டரியா வலப்பக்க லாட்டரியா என்று ஒன்றை எடுக்க வேண்டும். ரூபாயில் சொன்னால், இடப்பக்கம் 200 அல்லது 160, வலப்பக்கம் 385 அல்லது 10. பெரிய தொகை விழும் வாய்ப்பு முதல் வரியில் பத்தில் ஒன்று, கீழே போகப் போக ஏறும். நாலாம் வரியில் சராசரி இடப்பக்கம் 176, வலப்பக்கம் 160, ஆக இடப்பக்கம் மேல். ஐந்தாம் வரியில் இடப்பக்கம் 180, வலப்பக்கம் 197.50, ஆக வலப்பக்கம் மேல். அங்கேயே வலப்பக்கத்துக்கு மாறலாம், பயந்தவர் ஏழாம் வரியில் மாறலாம், இரண்டும் சரி. ஆனால் பத்தாம் வரியில் பெரிய தொகை நிச்சயம். அங்கேயும் 200ஐ எடுத்தால் படிக்காமல் அழுத்தினீர்கள் என்று அர்த்தம்.

நம்மவர்கள் தவறாமல் நஷ்டப்படுவது விலை சொல்லும் ஆட்டத்தில். ஒரு காபிக் கோப்பைக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு, பிறகு கணினி ஒரு விலையைக் குலுக்கும். குலுக்கிய விலை நீங்கள் சொன்னதற்குள் இருந்தால் அந்த விலைக்கு வாங்கியாக வேண்டும். சரோஜினி நகர் சந்தையில் பேரம் பேசுகிற புத்தியில் பாதி விலை சொன்னால் பேரம் படியப்போவதில்லை, எதிரே கடைக்காரரே இல்லையே. உங்களுக்கு 120 பெறும் பொருளுக்கு 60 சொல்லி, குலுக்கலில் 80 வந்தால், லாபமான வியாபாரம் கைநழுவும். 200 சொல்லி 150 விழுந்தாலோ 30 ரூபாய் போச்சு. மனதில் இருக்கும் விலையையே சொல்வதுதான் உங்களுக்கும் லாபம்.

தமிழ்_ட்யூஷன்:
மொழி பற்றி: விதிமுறை ஆங்கிலமா இந்தியா என்று மெயிலிலேயே கேளுங்கள். இந்தி மட்டும் என்றால் இந்த முறை விட்டுவிடலாம், அரைகுறையாக ஊகித்து ஆடினால் உங்களுக்கும் நஷ்டம், அவர்கள் தரவும் கெடும். ஏல ஆட்டத்தில் "போலி" என்று வந்தால் பதறாதீர்கள், இந்தியில் அது ஏலத்தில் கேட்கும் தொகை!

ஏமாற்றுவார்களா என்ற பயம் வேண்டாம். பொருளாதாரச் சோதனைகளில் பங்கேற்பாளரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது கறாரான வழக்கம். எதிராளி நிஜ மனிதர் என்று எழுதியிருந்தால் நிஜ மனிதர்தான். உளவியல் துறைச் சோதனைகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தப் பெயரைச் சொல்லி மோசடி வரலாம். பதிவுக் கட்டணம், ஓடிபி, யூபிஐ பின், இவற்றில் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். பணம் வாங்க பின் தேவையே இல்லை. ஒப்புதல் படிவத்தில் ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் பெயரும் நெறிமுறைக் குழு அனுமதியும் இருக்கிறதா பாருங்கள். கடைசியில் ரசீதில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குவது தணிக்கைக்காக. உங்கள் முடிவுகள் மேசை எண்ணின் பேரில்தான் சேமிக்கப்படும்.

முனிர்காவிலிருந்து மெட்ரோவில் மெஜந்தா லைன், ஹவுஸ் காஸில் எல்லோ லைன் மாறி விஸ்வவித்யாலயா. அறையிலிருந்து போக மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆள் அதிகமென்று திருப்பி அனுப்பினால் 150 ரூபாய்க்கு அரை நாள், யோசித்துப் போங்கள்.

முனிர்கா_வாசி:
நன்றி எல்லோருக்கும். அறைத் தோழனும் வருகிறான். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு பொதுநிதியில் முழுசாகப் போடலாமா?

பைசா_கணக்கு:
பேசி வைக்கலாம், பலன் இருக்காது. யார் உங்கள் குழு என்று திரை காட்டாது. சில சோதனைகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் குழுவைக் கலைத்துப் போடுவார்கள். நீங்கள் தோழனுக்காகப் போட்ட 20 புள்ளி, முன்பின் தெரியாத யாரோ மூவருக்கு ஆளுக்கு 8 ஆகப் போய்ச் சேரலாம். ஒருவர் முந்தின அமர்வில் ஆடிவிட்டு வந்தால் அடுத்தவரிடம் ஆட்டத்தைச் சொல்லாமல் இருக்கட்டும், அதைத்தான் அவர்கள் கெஞ்சிக் கேட்பார்கள்.