மெக்கல் குருத்தெலும்புதான் கீழ்த்தாடையாக மாறுகிறதா?

பல்லவி_பிடிஎஸ்:
பல் மருத்துவம் முதல் வருடம் படிக்கிறேன். கீழ்த்தாடை குருத்தெலும்பு வழியாக வராமல் சவ்விலிருந்து நேரடியாக எலும்பாகிறது என்று வகுப்பில் சொன்னார்கள், ஆனால் அடுத்த படத்திலேயே மெக்கல் குருத்தெலும்பு என்று ஒரு நீளக் கோல், அதற்கடுத்த படத்தில் கான்டைல் தலையில் (காதருகே மூட்டில் பொருந்துகிற தாடையின் மேல்முனை) இன்னொரு குருத்தெலும்பு. அப்புறம் இதெல்லாம் அங்கே என்னதான் செய்கிறது? சீனியர்கள் யாராவது சொல்லுங்களேன்.

செல்பித்தன்:
மாறுவதில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பாதிப் பேர் விழுவது இங்கேதான். அகத்தியில் வெற்றிலைக் கொடி ஏறுகிறது, அதற்காக அகத்தி வெற்றிலையாகிவிடுமா? மெக்கல் கோல், தாடை எலும்பு இரண்டுக்கும் மூலம், முதல் தொண்டை வளைவுக்கு (கருவில் தாடைப் பகுதியாகப்போகிற மடிப்பு) இடம்பெயர்ந்து வந்த நியூரல் கிரெஸ்ட் செல்கள்தான் (கருவின் நரம்புக்குழாய் ஓரத்திலிருந்து கிளம்புபவை). அவற்றில் ஒரு கூட்டம் மெக்கல் கோலாகிறது. இன்னொரு கூட்டம் கோலுக்கு வெளிப்பக்கத்தில், கீழ்த்தாடை நரம்பு மோவாய்க்கும் வெட்டுப்பற்களுக்குமாகப் பிரிகிற இடத்தில் நெருங்கிச் சேர்ந்து, கருவின் 6ஆவது வாரவாக்கில் நேரடியாக ஆஸ்டியோபிளாஸ்டாகி (எலும்பு கட்டும் செல்) எலும்பு போட ஆரம்பிக்கிறது. கோலின் பின்முனை நடுக்காதின் சுத்தி, பட்டடை எலும்புகளாகிறது (ரைகெர்ட் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் 1837லேயே சொன்னது), நடுப்பகுதி கரைந்து தசைநார் மட்டும் மிஞ்சுகிறது. மோவாய் பக்கம் ஒரு சின்னத் துண்டுதான் தாடை எலும்போடு சேரும்.

நீலமும்_சிவப்பும்:
குருத்தெலும்பை நீலமாக்கும் அல்சியன் நீலம், எலும்பைச் சிவப்பாக்கும் அலிசரின் சிவப்பு இரண்டு சாயமும் ஏற்றிய எலிக்கருவை ஒரு தடவை பாருங்கள், பிறப்புக்கு இரண்டு மூன்று நாள் முந்தையது என்றால் சரியாக இருக்கும். சிவப்புத் தகடாகத் தாடை, அதன் உட்பக்கமாக நீலக் கம்பி ஒன்று காது வரைக்கும் போகும். ஒப்போசம் (அமெரிக்காவின் பைப்பாலூட்டி) குட்டி இன்னும் வேடிக்கை: பிறந்த புதிதில் அதற்குக் கான்டைல் மூட்டே உருவாகியிருக்காது, பின்னாளில் காதுக்குள் போகப்போகிற அந்த எலும்புகள்தான் அதுவரை தாடையைத் தாங்குகின்றன.

மூட்டுவலி:
கான்டைல் கதை வேறு. அது இரண்டாம்நிலைக் குருத்தெலும்பு, 10ஆவது வாரத்தை ஒட்டி, தாடை எலும்பு உருவாகத் தொடங்கிய பிறகுதான் வரும். தொடை எலும்பின் வளர்ச்சித் தட்டு மாதிரி இங்கே செல்கள் தூண் தூணாக அடுக்கியிருக்காது, பிரிந்து பெருகுவது முதிர்ந்த காண்ட்ரோசைட்டும் (குருத்தெலும்புச் செல்) இல்லை, மேலே உள்ள நார்ப்படலத்துக்கு அடியில் இருக்கிற முன்னோடிச் செல்கள். அவற்றில் குருத்தெலும்புப் பக்கம் தள்ளும் சாக்ஸ்9, எலும்புப் பக்கம் தள்ளும் ரன்க்ஸ்2 என்ற இரண்டு மரபணுக்களுமே செயல்படும், அதனால் எலும்புப் பக்கமும் போகலாம், குருத்தெலும்புப் பக்கமும் போகலாம். ரன்க்ஸ்2 நீக்கிய எலியில் மெக்கல் கோல் உருவாகிறது, கான்டைல் குருத்தெலும்பு உருவாவதில்லை, இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இன்னொன்று, பெருத்த காண்ட்ரோசைட் எல்லாம் செத்துப்போகும் என்று பல புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. 2014 முதல் வந்த செல் வம்சாவளி ஆய்வுகளில் (ஒரு செல்லுக்கு அடையாளமிட்டு அது பின்னால் என்னவாகிறது என்று பார்ப்பது) அவற்றில் ஒரு பங்கு ஆஸ்டியோபிளாஸ்டாகவே மாறுவதைக் காட்டிவிட்டார்கள், முதலில் கை கால் எலும்புகளில், அப்புறம் கான்டைலிலும். தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்காதீர்கள், அது திருத்துகிறவரைப் பொறுத்தது.

பல்லவி_பிடிஎஸ்:
இப்போதுதான் புரிகிறது, நன்றி. சின்ன வயதில் விழுந்து கான்டைல் உடைந்தால் தாடை கோணலாவது இதனால்தானா?

மூட்டுவலி:
எல்லாருக்கும் ஆகாது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கான்டைல் தானாகவே திருந்திக்கொள்ளும். மூட்டு இறுகி ஒட்டிப்போனால் அந்தப் பக்கம் வளர்ச்சி பின்தங்கும், மோவாயும் அடிபட்ட பக்கமே சாயும்.