‘எக்சிஷன் ரிப்பேர்’: ‘வெட்டிநிரப்பு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் தமிழ்க் கட்டுரையின் வரைவில் ‘எக்சிஷன் ரிப்பேர்’ என்பதற்கு, அதாவது டி.என்.ஏ.வில் சேதமான துண்டை வெட்டியெடுத்துச் செல் சரிசெய்வதற்கு, ‘பழுதுநீக்கம்’ என்று போட்டிருக்கிறது. வரைவு எழுதிய ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, அது மெக்கானிக் கடைப் பலகைக்குப் பொருந்தும், இங்கே போதாது. டி.என்.ஏ.வில் பழுதை நீக்க வழி ஒன்றுதானா என்ன?

அதற்கு முன் இன்னொன்று. ‘புற ஊதாக் கதிர் பட்டதும் சடுதிமாற்றம் உண்டாகிறது’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். பட்டதும் உண்டாவது சேதம். முக்கியமாக 280 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள பி வகைக் கதிர், ஒரே இழையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தைமின்களையோ சைட்டோசின்களையோ (டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டு இவை) ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. இதைத்தான் ‘இருமம்’ என்று ஏற்கெனவே முடிவு செய்தோம். இந்தக் கட்டத்தில் எழுத்து எதுவும் மாறவில்லை. இருமம் அப்படியே இருக்க, செல் டி.என்.ஏ.வைப் படியெடுத்து, எதிரே தவறான எழுத்து விழுந்து நிலைத்துவிட்டால்தான் அது சடுதிமாற்றம். சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வரும். சில சமயம் அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின்களும் சேர்ந்தே தைமின்களாகிவிடும். இந்த இரட்டை மாற்றத்தைப் பார்த்தால் புற ஊதாவின் கைவரிசை என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

இடையில் செல்லுக்குக் கிடைக்கும் அவகாசத்தில் நடப்பதற்குத்தான் பெயர் தேடுகிறோம். பிணைப்பை மட்டும் பிரித்துவிடும் போட்டோலயேஸ் என்ற நொதி பாக்டீரியா, செடிகள், பல மீன்களுக்கு உண்டு. காசிமேட்டில் ஏலத்துக்குக் கிடக்கும் மீனுக்கு உள்ள வசதி, ஏலம் கேட்கிற நமக்கு இல்லை! நம் செல்கள் இருமத்தின் இருபுறமும் வெட்டி, 24 முதல் 32 நியூக்ளியோடைடு (அதாவது அத்தனை எழுத்து) நீளத் துண்டையே எடுத்தெறிந்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக நிரப்பி ஒட்டுகின்றன.

தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதை நடத்தியபோது, மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். “வலை கிழிஞ்சா அறுந்த இடத்துல முடிச்சு மட்டும் போட்டா நிக்காது சார். ஓரத்த நல்லா கத்தரிச்சுட்டு அப்புறம்தான் பின்னணும்.” பையன் சொன்ன வேலையில் வெட்டுவதும் இருக்கிறது, நிரப்புவதும் இருக்கிறது. ‘நீக்கம்’ பாதியோடு நின்றுவிடுகிறது. ஆகவே என் பரிந்துரை ‘வெட்டிநிரப்பு’. ‘நியூக்ளியோடைடு வெட்டிநிரப்பு’ என்று முன்னொட்டுச் சேர்த்தாலும் வாயில் தடுக்கவில்லை.

வெயில் பட்டால் தோல் எளிதில் கெடும் பரம்பரை நோயான சீரோடெர்மா பிக்மெண்டோசம் பற்றிய பத்திக்கும் இது உதவும். அந்நோயாளிகளின் தோல் செல்களில் இந்த வேலை நடப்பதில்லை என்று ஜேம்ஸ் கிளீவர் 1968-இல் காட்டினார். நொதிகள் எங்கே வெட்டுகின்றன, எப்படி வெட்டுகின்றன என்று பிரித்துக் காட்டிய அஜீஸ் சஞ்சாருக்கு 2015 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. இரண்டு பெயரும் பத்தியில் வரட்டும்.

ஒரு சிக்கல் மிச்சம். நோயின் எட்டு வகைகளில் ஏ முதல் ஜி வரை ஏழும் வெட்டிநிரப்பில் கோளாறு. வி வகையில் வெட்டிநிரப்பு ஒழுங்காகவே நடக்கும். இருமத்தின் எதிரே சரியான எழுத்தை வைத்து நகர்ந்துபோகும் பாலிமரேஸ் ஈட்டா என்ற படியெடுக்கும் நொதிதான் இல்லை. அதனால் ‘வெட்டிநிரப்பு இல்லாத நோய்’ என்று பொதுவாக எழுத முடியாது. ஈட்டா செய்வதற்குத் ‘தாண்டிப் படியெடுத்தல்’ என்று யோசித்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?