சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் போடுவது அப்பாவின் வேலையும்தானா?

வேலந்தாவளத்தான்:
என் மகளுக்கு எட்டு வயது. டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசியாகப் போட வேண்டிய வகை. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, கேரள எல்லைச் சோதனைச்சாவடி தாண்டி இரவில்தான் வீடு திரும்புகிறேன். நோய் தெரிய வந்தபோது ஊசி போடுவது, சாப்பாட்டிலுள்ள மாவுச்சத்தைக் கணக்கிடுவது, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது ஆகிய அனைத்தையும் மருத்துவமனையில் என் மனைவியிடம் மட்டுமே சொல்லிக் கொடுத்தார்கள். என் கைக்கு வந்தது மருந்துச் சீட்டுதான். இதனால் அவர் ஒரு துக்க வீட்டுக்குக்கூடத் தனியாகப் போய் வர முடிவதில்லை. நான் கற்றுக்கொள்ள முனைந்தால், "ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார் என் மாமனார். தந்தையும் முழுமையாகக் கற்க வேண்டும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

புளியரைக்காரன்:
தம்பி, நான் மறுக்கிறேன். ஆனால் உங்கள் மாமனார் சொல்லும் காரணத்துக்காக அல்ல. என் மகனுக்கும் இதே நோய்தான். விரைவாக வேலை செய்யும் இன்சுலின், போட்ட பிறகு மூன்று நான்கு மணி நேரம் உடம்பில் இருக்கும். தாய் ஊசி போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் தந்தை வந்து சோதித்து, சர்க்கரை 260க்கு ஏறியிருப்பதைப் பார்த்துப் பதறி இன்னொரு ஊசி போட்டால், முதல் மருந்தின் மேல் இரண்டாவது மருந்தும் சேர்ந்து, பிள்ளையின் சர்க்கரை 70க்கும் கீழே சரிந்துவிடும். அந்நேரம் பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தால் வியர்ப்பதும் நடுங்குவதும் யார் கண்ணுக்கும் படாது. ஆகவே அளவைத் தீர்மானிப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்கிறேன். நான் அஞ்சல் துறையில் இருக்கிறேன். குழந்தைப் பராமரிப்பு விடுப்பான 730 நாட்கள் பெண் ஊழியர்களுக்கும், 2018 முதல் மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும்தான் உண்டு. மனைவியோடு வாழும் எனக்கு அது கிடையாது. இரவு மூன்று மணிக்கு எழுந்து சோதித்துவிட்டுக் காலையில் தபால் பிரிக்க உட்காரும் தந்தைக்குச் சட்டத்தில் இடமில்லாதபோது, இருவரும் சமமாகச் செய்ய வேண்டும் என்று எழுதுவது எளிது.

கோபாலபுரம் அம்மா:
அண்ணா, ஒருவர் பொறுப்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஒருவர் ஏன் எல்லா வீட்டிலும் தாயாகவே இருக்கிறார் என்பதற்கு நீங்கள் காரணம் சொல்லவில்லை. விடுப்புக் கிடைக்காதது நியாயமான குறைதான். எனக்கும்தான் கிடைக்காது, நான் தையல் கூலி வேலை செய்கிறவள். என் கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாட்களில் மகனின் விரல் நுனியில், நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும் என்பதைக் கூடத் தெரிந்து வைத்திருக்கிறார். இதற்கெல்லாம் எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.

வேலந்தாவளத்தான்:
புளியரை அண்ணன் சொல்லும் ஆபத்து உண்மையானது. அதனால்தான் எங்கள் வீட்டில் இன்சுலின் வைத்திருக்கும் டப்பாவிலேயே ஒரு நோட்டும் பேனாவும் கிடக்கின்றன. எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் போட்டது என்று எழுதாமல் ஊசியைத் தொடக்கூடாது. இரண்டு பேர் போடுவதால் வரும் ஆபத்தை விட, விவரம் தெரியாதவர் மருந்து வாங்கப் போவதால் வரும் ஆபத்து பெரியது என்பதை நான் பார்க்கிறேன். நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகையாக வருகிறது. 40க்கு உரிய சிரிஞ்சு சிவப்பு மூடி, 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால், அதன் கோட்டைப் பார்த்து அளந்தாலும் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கடைக்குப் போவது அப்பா, ஊசி போடுவது அம்மா என்று பிரித்து வைத்திருக்கும் வீட்டில் இந்த மூடியின் நிறத்தைக் கவனிக்க வேண்டியவர் யார்? "நான் வாங்கித் தருகிறேன், நீ பார்த்துக்கொள்" என்ற பிரிவினையே இங்கே செல்லாது.

எங்கள் பக்கத்தில் கேரள சமூகப் பாதுகாப்பு இயக்கத்தின் 'மிட்டாயி' திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கான காகிதங்களோடு அலைந்தவன் நான்தான். மகளுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று அங்கே கேட்டபோது, சொல்லத் தெரியாமல் வீட்டுக்குப் போன் போட்டேன்.

புளியரைக்காரன்:
மூடி நிறம் பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொரு தந்தையும் படிக்க வேண்டியது, அதில் வாதமில்லை. மிட்டாயியைப் பொறுத்தவரை உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் வரை பிள்ளையைக் கூட்டிப் போனாலும் ரேஷன் கார்டு தமிழ்நாட்டுடையது, அதனால் எங்களுக்கு அந்தத் திட்டம் இல்லை. தந்தை செய்ய வேண்டிய வேறு வேலை இருக்கிறது என்றுதான் நான் சொல்கிறேன். பள்ளியில் என் மகனை வகுப்பு நேரத்தில் பிஸ்கட் சாப்பிட விடவில்லை. சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் வகுப்பில் சோதித்துக்கொள்ளவும், ஊசி போட்டுக்கொள்ளவும், நொறுக்குத்தீனி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியதை அச்செடுத்துப் போய்த் தலைமை ஆசிரியரிடம் பேசியவன் நான். என் மனைவி பேசியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். அது சரியென்று சொல்லவில்லை, நிலைமை அப்படி.

கோபாலபுரம் அம்மா:
பள்ளிக்குப் போனது நல்ல காரியம். ஆனால் தலைமை ஆசிரியர், "சர்க்கரை இறங்கினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று திருப்பிக் கேட்டிருப்பாரே? சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று அங்கேயே சொல்லத் தெரிந்த தந்தையைத்தான் இந்தத் தம்பியும் கேட்கிறார்.

புளியரைக்காரன்:
அதைச் சொல்லத் தெரியும், சகோதரி, சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவசரத்துக்கு உதவுவது வேறு, அன்றாட அளவை ஏற்றி இறக்குவது வேறு. நோட்டு வைப்பதை நாங்களும் தொடங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை சோதனையும் ஊசியும் என் பொறுப்பு என்று இருக்கட்டும். மற்ற நாட்களில் அளவை மாற்றுவது என் மனைவிதான். அதில் என் கருத்து மாறவில்லை.

வேலந்தாவளத்தான்:
ஞாயிறு நீங்கள் கொடுக்கும் அளவு சரியில்லை என்றால், திங்கட்கிழமை யார் மாற்றுவது, அண்ணா?