தொட்டி கழுவுன ரெண்டாம் நாள்ல இருந்து மீன் மேல வந்து வாயப் பொளக்குது, யாராவது உதவுங்க

பெரம்பூர் மீன்தொட்டி:
வணக்கம். வீட்ல 2 அடி தொட்டி, 60 லிட்டர் கிட்ட புடிக்கும், ரெண்டு கோல்ட்ஃபிஷ், கொஞ்சம் மோலி இருக்கு. மாசாமாசம் ஒருத்தர் வந்து கழுவிக் குடுப்பார், மீனையெல்லாம் பக்கெட்ல விட்டுட்டு தண்ணிய மொத்தமா எறச்சு, கல்ல குழாய்ல அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சயும் புதுசு மாதிரி புழிஞ்சு வெச்சுட்டுப் போவார். அன்னைக்கு மீன் நல்லாத்தான் ஓடியாடும், ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் ஆரம்பிக்குது, எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, தீனி தொடல. போன மாசம் ஒரு மோலி செத்துச்சு, இப்ப பெரிய கோல்ட்ஃபிஷ் மூலைல ஒதுங்கி நிக்குது, என் பொண்ணு அதுகிட்டயே உக்காந்திருக்கா. தண்ணி பளிச்சுன்னுதான் இருக்கு. என்ன பண்ணட்டும்?

கப்பி ராஜா:
மெட்ரோ வாட்டரா ப்ரோ? லாரித் தண்ணி சம்ப்ல விட்ட உடனே புடிச்சு ஊத்துனா குளோரின் செவுள எரிச்சுடும். ஆன்டி குளோரின் விட்டீங்களா? மெத்திலீன் ப்ளூன்னு நீல மருந்து இருக்கு, கொஞ்சம் விடுங்க, சரியாயிடும்.

பெரம்பூர் மீன்தொட்டி:
லாரித் தண்ணிதான், ஆனா ஆன்டி குளோரின் பாட்டில்ல போட்ட அளவுக்கு விட்டுட்டுதான் மீன விடுவார், நானே பக்கத்துல நின்னு பாத்தேன்.

கொளத்தூர் அண்ணாச்சி:
தம்பி, மெத்திலீன் ப்ளூவ தொட்டில ஊத்தாதீங்க, மிச்சம் மீதி இருக்குற நல்ல பாக்டீரியாவும் போயிடும். எப்ப ஆரம்பிக்குதுன்னு பாருங்க, அதுலயே பதில் இருக்கு. குளோரினா இருந்தா மீன விட்ட கொஞ்ச நேரத்துலயே துடிக்கும். ஒங்களுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு வருது, அப்ப அது அமோனியா.

மீன் கழிவு, மிச்ச தீனி எல்லாம் அமோனியாவா மாறும். ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும் ஒட்டிட்டு இருக்குற பாக்டீரியா அத நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும், நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்ல, தண்ணி மாத்துனாலே போயிடும். ஸ்பாஞ்சயும் கல்லயும் ஒரே நாள்ல குளோரின் தண்ணில அலசுனா அந்தப் பாக்டீரியா பெரும்பாலும் செத்துடும், திரும்ப முழுசா வளர 4 வாரம், 6 வாரம் ஆகும். அதுக்குள்ள அடுத்த மாசம் அவர் வந்து திரும்பக் கழுவுறார். அமோனியாவுக்கு நிறம் கிடையாது, அதனால தண்ணி பளிச்சுன்னு இருக்கறத நம்பாதீங்க. சொட்டு டெஸ்ட் கிட் வாங்கி அமோனியாவும் பிஎச்சும் (தண்ணியோட அமில கார அளவு) பாத்துட்டு சொல்லுங்க.

பெரம்பூர் மீன்தொட்டி:
அண்ணா பாத்துட்டேன். மஞ்சளா இருக்கணும்னு போட்டிருக்கு, பச்சையா வந்துச்சு, அட்டைல வெச்சுப் பாத்தா அமோனியா 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். பிஎச் 8.

கொளத்தூர் அண்ணாச்சி:
பிஎச் 8ன்னா இன்னும் மோசம், ஒரே அளவு அமோனியா 7ல இருக்கறத விட 8ல கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம். இப்பவே பாதித் தண்ணிய மாத்துங்க. புதுத் தண்ணிய பக்கெட்ல புடிச்சு ஆன்டி குளோரின் விட்டு, தொட்டித் தண்ணி சூட்டுக்கு வந்தப்புறம் மெதுவா ஊத்துங்க, மத்தியானம் மாடி டேங்க் தண்ணி கொதிக்கும், அத நேரா ஊத்திடாதீங்க. நாளைல இருந்து தினம் கால்வாசி, அமோனியா சைபர் வர்ற வரைக்கும். ரெண்டு நாளைக்கு தீனியே வேணாம், பெரிய மீன் தாங்கும். காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் ராத்திரி பகலா ஓடட்டும், ஃபில்டர் மேல கை வெக்காதீங்க. அடுத்து நைட்ரைட் ஏறும், அதுவும் விஷம்தான், அப்ப லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு, ஒங்க தொட்டிக்கு 60 கிராம், கரைச்சு விடுங்க, கோல்ட்ஃபிஷ், மோலி ரெண்டும் தாங்கும்.

இனிமே மொத்தத் தண்ணியும் எறைக்கவே வேணாம். வாராவாரம் கால்வாசி ட்யூப் வெச்சு உறிஞ்சி, கல்லுக்கடில இருக்குற கசடையும் சேத்து எடுத்தா போதும். ஸ்பாஞ்சு அடச்சுக்கிட்டா, வெளிய எடுத்த தொட்டித் தண்ணிலயே ரெண்டு தடவ புழியுங்க, பழுப்பா இருந்தா இருக்கட்டும்.

மாதவரம் அக்வா:
அண்ணாச்சி சொன்னதோட இதையும் பண்ணுங்க. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது ரொம்ப நாளா ஓடுற தொட்டி இருந்தா, அவங்க பழைய ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டு வாங்கி ஒங்க ஃபில்டர்ல சொருகுங்க, சீக்கிரம் செட் ஆயிடும். அவங்க தொட்டில வெள்ளைப்புள்ளி நோய் எதுவும் இல்லையான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

பெரம்பூர் மீன்தொட்டி:
பாதித் தண்ணி மாத்திட்டேன் அண்ணா, கோல்ட்ஃபிஷ் மூலைய விட்டு நகந்து வருது, மோலி இன்னும் மேலயேதான் நிக்குது. பக்கத்துத் தெருவுல என் ஃப்ரெண்ட் தொட்டி ரொம்ப நாளா ஓடுது, நோய் எதுவும் வந்ததில்லன்னு சொல்றான், ஸ்பாஞ்ச் வாங்கப் போறேன்.

கொளத்தூர் அண்ணாச்சி:
போங்க தம்பி. அவர் தொட்டித் தண்ணியோடயே கவர்ல போட்டு எடுத்துட்டு வாங்க, வழில காய விட்டுடாதீங்க. நாளைக்கு டெஸ்ட் பண்ணி அளவு சொல்லுங்க.